கங்கைகொண்ட சோழபுரம்: ஒரு தலைநகரின் ஐந்தொகை

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக ஜெயங்கொண்டம் போகும் பேருந்து, கொள்ளிடத்தைக் கீழணைப் பாலத்தின் மேல் கடக்கிறது. அங்கிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். இந்தப் 10 கிலோமீட்டருக்குள் ஒரு பழைய கடன் கிடக்கிறது. 1836-இல் வாங்கியது. கோயில் மதிலின் கருங்கல்லை எடுத்து அணை கட்டினார்கள். அதற்குப் பதிலாகச் செங்கல் சுவர் எழுப்பித் தருகிறோம் என்றார்கள். 19 ஆண்டு கழித்து 1855-இல் அச்சான ஓர் ஆங்கிலக் குறிப்பு, அந்த வாக்கு இன்னும் காப்பாற்றப்படவில்லை என்று எழுதி வைத்திருக்கிறது.

அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை வாய்வழியாகத் தெரியும். ஆனால் கதையாகச் சொன்னால் கோபம்தான் மிஞ்சும். கணக்காக எழுதிப் பார்த்தால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது தெரியும். ஒரு தலைநகருக்கு என்ன வந்தது, என்ன போனது, இன்று கையிருப்பு என்ன? நாடு, ஊர், கோயில் எல்லாவற்றுக்கும் கணக்கெழுதிய சோழர்களின் ஊருக்கு, நாமும் ஓர் ஐந்தொகை போட்டுப் பார்ப்போம்.

காலக் கணக்கு

முதலாம் இராசேந்திரன் 1014-இல் தந்தைக்குப் பின் தனியாக ஆளத் தொடங்கினான். கங்கை வரை போன படை திரும்பிய பின், 1025 வாக்கில் தலைநகரைத் தஞ்சாவூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் வடகிழக்கே மாற்றினான். 1279-இல் மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிகிறது.

- தலைநகராக இருந்த காலம்: சுமார் 254 ஆண்டு
- அதற்குள் ஆண்ட சோழ மன்னர்கள்: 13 பேர்
- சராசரி: ஒருவருக்கு ஏறத்தாழ 19½ ஆண்டு
- தலைநகர் அந்தஸ்து போய் இன்று வரை: சுமார் 745 ஆண்டு

விசயாலயன் 9-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிடித்த தஞ்சாவூர், சோழர் தலைநகராக இருந்த காலம் இதைவிடக் குறைவு. பாடப் புத்தகத்தில் தஞ்சைக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூட இந்த ஊருக்குக் கிடைப்பதில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏன் மாற்றினான்? வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்களில் நடைமுறைக்குப் பொருந்துவது ஆற்றுக் காரணம். தஞ்சாவூர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் தெற்கே இருக்கிறது. வடக்கே சாளுக்கியரோடு ஓயாத சண்டை. வெள்ள காலத்தில் யானை, குதிரை, வண்டியோடு பெரும்படை இரண்டு பெரிய ஆறுகளைத் தாண்டுவது லேசான வேலை இல்லை. கொள்ளிடத்துக்கு வடகரையில் தலைநகர் இருந்தால் அந்தத் தடை இல்லை.

ஆனால் வடகரைக்கு வேறொரு செலவு உண்டு. தென்கரை டெல்டாவில் வாய்க்கால் தானாக வந்து வயலைத் தொடும். வடகரை மேட்டுப் பூமி. அங்கே ஒரு தலைநகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் வெட்டிக் கொண்டுவர வேண்டும்.

மண் கணக்கு

அந்தச் செலவின் பெயர் சோழகங்கம். ஊர்வழக்கில் பொன்னேரி. கங்கையிலிருந்து கொண்டுவந்த நீரைச் சேர்த்து, நீராலான வெற்றித் தூணாக இராசேந்திரன் இதை அமைத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. மற்ற அரசர்கள் வெற்றிக்குக் கல்தூண் நட்டார்கள். இவன் ஏரி வெட்டினான்.

1855 குறிப்பு தரும் அளவுகள் இவை:

- வடக்கு தெற்காக ஓடும் ஏரிக்கரை: 16 மைல் (சுமார் 25.7 கிலோமீட்டர்)
- கொள்ளிடத்திலிருந்து தென்கோடிக்கு வந்த வாய்க்கால்: 60 மைலுக்கு மேல் (96 கிலோமீட்டருக்கு மேல்)
- வெள்ளாற்றிலிருந்து வடகோடிக்கு வந்து சேர்ந்த சிறிய வாய்க்கால்: ஒன்று

ஒரு மனக்கணக்குப் போடலாம். கரையின் அகலமும் உயரமும் இங்கே என் ஊகம். நீளம் மட்டும் குறிப்பில் உள்ளது. கரைக்கு மேலே 3 மீட்டர், அடியில் 15 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் என்று வைத்தால் குறுக்குவெட்டு 36 சதுர மீட்டர். 25.7 கிலோமீட்டருக்குச் சுமார் 9.3 லட்சம் கன மீட்டர் மண். கொள்ளிட வாய்க்காலுக்கு 6 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் மேலும் 8.7 லட்சம். இரண்டும் சேர்ந்து 18 லட்சம் கன மீட்டர்.

மண்வெட்டியும் கூடையுமாக ஓர் ஆள் ஒரு நாளில் 2 கன மீட்டர் வெட்டிக் கொட்டினால் 9 லட்சம் ஆள்நாள். அதாவது 3,000 பேர் 300 நாள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு வைத்த தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் 30 கோடியே 24 லட்சம் ரூபாய். கருங்கல் மதகுகளும் கரையைத் தாங்கும் கற்களும் இதில் சேரவில்லை.

3,000 பேர், ஓர் ஆண்டு. கங்கை வரை படை அனுப்பிய அரசுக்கு இது பெரிய எண் இல்லை. அதே 1025-இல் கடல் தாண்டிக் கடாரம் வரை கப்பல் போனது. அந்தப் படையெடுப்புகளின் வருமானம் வந்து போய்விட்டது. ஏரி நூற்றாண்டுக் கணக்கில் நெல்லாக வட்டி கொடுத்தது.

கல் கணக்கு

இப்போது கோயில். யுனெஸ்கோ பதிவின்படி 1035-இல் முடிந்தது. தலைநகர் மாறிய 10 ஆண்டுக்குள்.

- விமான உயரம்: 53 மீட்டர் (சுமார் 174 அடி)
- விமான அடித்தளம்: ஏறத்தாழ 100 அடிச் சதுரம், சென்ட் கணக்கில் 23 சென்ட்
- கருவறையும் மண்டபங்களும் சேர்ந்த நீளம்: 341 அடி (104 மீட்டர்), அகலம் 100 அடி, 78 சென்ட்
- மகாமண்டபம் மட்டும்: 175 அடிக்கு 95 அடி, 38 சென்ட்
- மதிலுக்குள் அடங்கிய வளாகம்: சுமார் 560 அடிக்கு 320 அடி, 4 ஏக்கருக்குச் சற்று மேல்
- விமானத்தின் நிலைகள்: 9
- கருவறைச் சுவரைச் சுற்றியுள்ள சிற்பங்கள்: சுமார் 50
- லிங்கத்தின் உயரம்: சுமார் 13 அடி, ஆவுடையாரின் சுற்றளவு சுமார் 60 அடி

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி, 13 நிலை. மகன் கட்டியது அதைவிட 42 அடி குட்டை, ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அப்பாவுக்கு மரியாதை என்று ஊரில் சொல்வார்கள். கல்லைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறுகிறது. இங்கே மூலைகள் உள்வாங்கி, மேலே போகப் போகக் கோடு உள்நோக்கி வளைகிறது. நேர்கோட்டுக்கு ஒரே சாய்வு போதும். வளைவுக்கு ஒவ்வொரு நிலையிலும் சாய்வை மாற்ற வேண்டும். ஒவ்வொரு வரிசைக் கல்லுக்கும் தனி அளவு. உயரத்தில் குறைத்ததைத் தச்சர்கள் உழைப்பில் ஈடுகட்டியிருக்கிறார்கள்.

வாசலில் பெரிய நந்தி. தஞ்சை நந்தி ஒரே கல். இது சுதையும் கட்டுமானமும். வடக்குப் படிக்கட்டருகே சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பம். அதை இராசேந்திரனுக்கே சூட்டிய மாலையாகப் பார்ப்பவர்கள் உண்டு. படையெடுத்த நாடுகளிலிருந்து கொண்டுவந்த சாளுக்கிய, கலிங்கச் சிற்பங்களும் இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன. அவையும் ஐந்தொகையின் வரவுப் பக்கத்தில்தான். அவை எங்கிருந்து வந்தனவோ அந்த ஊர்களின் கணக்கில் பற்று.

கோயிலுக்குள் இன்றும் ஆண்டுதோறும் எண்ணும் எண் ஒன்று உண்டு. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்குச் சுமார் 100 மூட்டை அரிசி வேகிறது. 13 அடி லிங்கத்தை மூட அவ்வளவு வேண்டும்.

தஞ்சையில் ஒரு வசதி: கணக்கு சுவரிலேயே இருக்கிறது. உச்சிக் கலசத்துக்குச் செம்பு 3,083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு என்று அரை கழஞ்சு வரை இராசராசன் வெட்டி வைத்தான். இங்கே இராசேந்திரன் அப்படிக் கட்டுமானக் கணக்கு எதையும் சுவரில் விடவில்லை. அவன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் செய்தி, மகன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு வழியாகத்தான் நமக்கு வருகிறது.

செங்கல் கணக்கு

கோயில் மட்டும் தலைநகர் ஆகாது. அரண்மனை, மதில், கடைத்தெரு, படைவீடு எல்லாம் இருந்தன. கல்வெட்டுகளில் சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்ட சோழன் திருமாளிகை என்று மாளிகைகளின் பெயரும், தெருக்களின் பெயரும் வருகின்றன. இன்றைக்குத் தெருக்கள் இல்லை. ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், வாணதிரையன்பட்டினம், சுண்ணாம்புக்குழி. கோட்டை, ஆயுதசாலை, மெய்க்காவலர் குடியிருப்பு, சுண்ணாம்புச் சூளை என்று நகரத்தின் வரைபடம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் பெயராக மிஞ்சியிருக்கிறது.

கோயிலுக்குத் தென்மேற்கே மாளிகைமேடு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980-81 முதல் இங்கே பல கட்டமாகத் தோண்டியது. 2021-க்குப் பின் மீண்டும் தொடர்ந்தது. கிடைத்தவை செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள், செப்புக் காசுகள், காப்பு. ஓடும் ஆணியும் ஒன்றாகக் கிடைத்தால் கூரை மரச்சட்டத்தின் மேல் வேய்ந்தது என்று பொருள். மரம் மக்கிவிட்டது. செங்கல் மக்காது, அதைத் தோண்டி எடுத்துத் தங்கள் வீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள் சுற்றுவட்டாரத்தார். அரசனின் வீடு போன வழி இது: பாதி மண்ணோடு, பாதி குடியானவன் சுவரோடு. இறைவனுக்குக் கருங்கல், அரசனுக்குச் செங்கல் என்ற வழக்கத்தின் விளைவு ஆயிரம் ஆண்டுக்குப் பின் இப்படித் தெரிகிறது.

மதில் கணக்கு: 1836

இனி பற்றுப் பக்கத்தின் பெரிய வரி. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் இரண்டு அணைகள் கட்டினார். முக்கொம்பில் மேலணை, அணைக்கரையில் கீழணை. இரண்டும் 1836. கீழணைக்குக் கருங்கல் வேண்டும். சுற்றிலும் செம்மண்ணும் வண்டலும். 10 கிலோமீட்டர் தள்ளிச் செதுக்கி அடுக்கிய கருங்கல் ஒரு மதிலாக நின்றது.

மதில் எவ்வளவு கல் கொடுத்திருக்கும்? வளாகத்தின் சுற்றளவு 1,760 அடி, அதாவது 536 மீட்டர். தடிமன் ஒரு மீட்டர் என்று வைத்தால், ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 536 கன மீட்டர் கல். கருங்கல் கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன், ஆக 1,447 டன். மாட்டு வண்டிக்கு அரை டன் ஏற்றினால் 2,900 வண்டி. மதிலை ஒட்டி இரண்டு அடுக்குத் திருச்சுற்று மாளிகையும் இருந்தது. ஆகவே ஒரு மீட்டருக்கு 2,900 வண்டி என்பதைப் பல மடங்காக்கிக்கொள்ள வேண்டும்.

மக்கள் தடுத்துப் பார்த்தார்கள். 1855 குறிப்பு அதையும் சொல்கிறது: அந்தக் கோயிலின் மேல் எந்த உரிமையும் காட்ட முடியாத அரசின் ஊழியர்கள் இடித்தார்கள், தடுத்த ஏழைகளுக்கு அவமதிப்புக் குற்றம் என்று தண்டனை கிடைத்தது. எழுதியவர் ஊர்க்காரர் அல்ல, ஆங்கிலத்தில் எழுதியவர். அதனால் இந்தச் சாட்சியத்தை மிகை என்று தள்ள முடியாது.

சோழகங்கம் அதற்கு முன்பே போய்விட்டது. அந்தக் குறிப்பு எழுதிய நாளில் ஏரி வறண்டு, உள்ளே காடு மண்டிக் கிடந்தது. படையெடுத்து வந்தவர்கள் கரையை உடைத்ததாக ஊரில் பேச்சு இருந்ததாம். ஆக வெளியிலிருந்து வந்த கைகள் இரண்டு: ஒன்று ஏரியை உடைத்தது, மற்றொன்று மதிலை இடித்து ஆற்றில் அணையாக்கியது. இரண்டாவது கை எடுத்ததை வீணாக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். அதுதான் இந்தக் கணக்கின் சிக்கல்.

அந்தக் கல் ஈட்டியது

கீழணையில் தேக்கும் நீர் 9 அடி. அதிலிருந்து வடவாறும் வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களும் பிரிகின்றன. பாசனம் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் ஏக்கர். வடவாறு போய் வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணமும் சோழர் ஏரிதான், முதலாம் பராந்தகன் காலத்தது; கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004-இல் முடிந்த புதிய வீராணம் திட்டத்தில் சுமார் 235 கிலோமீட்டர் குழாய் வழியாகச் சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் போகும் ஏற்பாடு.

இதை வரிசையாக எழுதினால்:

- கங்கைகொண்ட சோழபுரத்து மதில்: கல்
- கீழணை: 9 அடி நீர்
- வடவாறு, வீராணம்: 1,465 மில்லியன் கன அடி
- சென்னை: நாளுக்கு 18 கோடி லிட்டர்

இராசேந்திரன் கங்கை நீரைத் தன் ஊருக்குக் கொண்டுவந்தான். அவன் ஊரின் கல், கொள்ளிடத்து நீரைச் சென்னைக்குத் திருப்பிவிடுகிறது. நன்மையின் பெரும்பகுதி கடலூர், மயிலாடுதுறை வயல்களுக்கும் சென்னைக் குழாய்க்கும். கல் கொடுத்த ஊர் மேட்டில், மானாவாரியில் நிற்கிறது. 2011 கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்ட மக்கள் தொகை 7,54,894; பக்கத்துப் பெரம்பலூர் 5,65,223, தமிழ்நாட்டிலேயே குறைந்த எண்ணிக்கை. இரண்டும் சேர்ந்து 13 லட்சத்து 20 ஆயிரம். 2 மாவட்டத்து மக்களையும் கூட்டினாலும் சென்னையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே.

ஒப்பீட்டுக்கு ஓர் ஆற்றங்கரை ஊர்

நார்வேயில் ட்ரொன்ஹைம் என்று ஓர் ஊர். நித் ஆறு வளைந்து கடலில் விழும் முகத்தில், ஒலாவ் ட்ரிக்வாசன் என்ற அரசன் 997-இல் நிறுவியது. பழைய பெயர் நிதரோஸ். இரண்டு ஊரையும் ஒரே தாளில் எழுதினால் வியப்பாக இருக்கிறது.

- நிறுவியது: அங்கே 997; இங்கே சுமார் 1025
- தலைநகராக இருந்தது: அங்கே 1217 வரை, 220 ஆண்டு, இங்கே 254
- பெரிய கோயிலின் நீளம்: அங்கே பேராலயம் 102 மீட்டர், இங்கே 104
- கட்டிய காலம்: அங்கே 1070 தொடங்கி 1300 வாக்கில் முடிய 230 ஆண்டு, இங்கே சுமார் 10

இராசேந்திரன் அரியணையில் இருந்த நாளில்தான், 1030-இல், அங்கே இன்னொரு அரசன் ஒலாவ் போரில் இறந்து புனிதரானான். அவன் கல்லறை மேல் எழுந்ததே அந்தப் பேராலயம். நம் ஊர் அரண்மனை செங்கல், அவர்கள் வீடு மரம். 1681-இல் நகரமே எரிந்தது. அதற்குப் பின் தீ தாவாதபடி தெருக்களை அகலமாக்கி ஊரைப் புதிதாக வரைந்தார்கள். பேராலயம் 1328, 1432, 1531, 1708, 1719 என ஐந்து முறை எரிந்தது. கட்டியது பெரும்பாலும் மாக்கல்லால். நம் வீட்டில் கல்சட்டி செய்கிற அதே வகைக் கல்.

அவர்கள் 1869-இல் சீரமைப்பைத் தொடங்கினார்கள். முடித்தது 2001-இல். 132 ஆண்டு, 4 தலைமுறை. இடையில் ஜெர்மானியப் படை ஊரைப் பிடித்தது, போனது; வேலைக் கணக்கு மட்டும் மூடவில்லை. இன்று ட்ரொன்ஹைமில் 2 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அங்கே கோயிலைச் சுற்றி நகரம் இருக்கிறது. இங்கே கோயிலைச் சுற்றிப் புல்வெளி.

ஒப்பீட்டில் நாம் குறைந்தவர்கள் இல்லை. அவர்கள் 230 ஆண்டில் கட்டியதை நாம் 10 ஆண்டில் கட்டினோம். அது ஐந்து முறை எரிந்தது, இது 53 மீட்டரும் நிற்கிறது. நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு திருப்பி வைப்பதில்தான்.

நிலுவை

ஐந்தொகையை முடிக்கலாம்.

கையிருப்பு: விமானம், மண்டபம், சுமார் 50 சிற்பங்கள், மாளிகைமேட்டுக் குழிகள், ஊர்ப் பெயர்கள். 1987-இல் தஞ்சைக்குக் கிடைத்த யுனெஸ்கோ அந்தஸ்து, 17 ஆண்டு கழித்து 2004-இல் தாராசுரத்தோடு சேர்ந்து இதற்கும் வந்தது.

வராக்கடன்: செங்கல் அரண்மனை, மரக்கூரை. இவை திரும்பா.

வர வேண்டிய கடன் இரண்டு. ஒன்று மதில். அணையை உடைத்துக் கல்லைக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. 1 லட்சத்து 30 ஆயிரம் ஏக்கர் அதன்மேல் நிற்கிறது. இரண்டாவது ஏரி. இது திரும்பக்கூடியது. 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு சோழகங்கத்தைச் சீரமைக்க 19 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் அறிவித்தது. அதே மாதம் ஆடித் திருவாதிரைக்குப் பிரதமர் வந்தார், இராசேந்திரன் பெயரில் நாணயம் வெளியானது. நமது மனக்கணக்கில் ஏரியையும் கொள்ளிட வாய்க்காலையும் வெட்டும் கூலி மட்டும் 30 கோடி. 19 கோடி என்பது அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே. தொடக்கத்துக்குப் போதும், முடிவுக்குப் போதாது.

ஏரிக்குக் கரையைவிட முக்கியம் வரத்து வாய்க்கால். 16 மைல் கரையைப் பலப்படுத்தி, பூங்கா வைத்து, படகு விட்டாலும், 60 மைல் வாய்க்காலின் தடம் மறிக்கப்பட்டுக் கிடந்தால் தண்ணீர் வராது. எந்த ஊரின் கல்லால் கொள்ளிடம் கீழணையில் நிமிர்ந்து நிற்கிறதோ, அந்த ஊரின் ஏரிக்குக் கொள்ளிடத்து வெள்ள நீரில் ஒரு பங்கைத் திருப்பிவிடுவதுதான் நேர்மையான வட்டி. வெள்ள காலத்தில் கீழணையைத் தாண்டிக் கடலுக்குப் போகும் உபரி நீரில் எடுத்தாலே போதும்; எந்த உழவனின் மடையையும் அடைக்க வேண்டியதில்லை.

1836-இல் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அணையின் பலனை இன்று அனுபவிப்பவர்கள் நாம். ஆகவே கடனும் நம்முடையதே. சென்னையில் குழாயைத் திறக்கிறவரும் கடலூரில் மடை திறக்கிறவரும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை ஒன்றுதான்: சோழகங்கத்தின் வரத்து வாய்க்காலை முதலில் அளந்து கல் நடுங்கள்.